வட்டகொடை மலையில் ஒரு தோள் வைத்தியம்

இலங்கைக்குப் போகிறேன் என்றதும் முசிறியில் ஆளாளுக்கு ஒன்று கேட்டார்கள். ஒருத்திக்குக் கிராம்பு, ஒருத்திக்குத் தேயிலை, எதிர்வீட்டுக்காரிக்கு வாசனை சோப்பு. ஊர் பார்க்கப் போகவில்லை, என் தங்கை தங்கத்தின் தோளைச் சரிபண்ணப் போகிறேன் என்று சொன்னால் யார் காதில் ஏறுகிறது! "அப்படியே ரெண்டு சோப்பு" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

என் தொழில் அதுதான். பிள்ளை பெற்ற வீடுகளுக்குப் போய் எண்ணெய் தேய்த்து நீர் ஊற்றுவேன். பத்தியம் சொல்வேன், சொன்னதோடு விடாமல், சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். இடுப்புப் பிடிப்பு, கழுத்துச் சுளுக்கு என்று வருகிற பெண்களுக்கும் தேய்த்துவிடுவது உண்டு. என் கைக்கு மசியாத சதை இல்லை என்று எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

தங்கத்தை வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கட்டிக்கொடுத்திருந்தோம். அவள் புருஷன் முத்தையா அங்கேயே பிறந்து வளர்ந்தவர். தங்கத்துக்குக் கொழுந்து பறிக்கிற வேலை. இரண்டு கையாலும் பறித்து, பிடி நிறைந்ததும் தோளுக்கு மேலாக முதுகுக் கூடைக்குள் வீச வேண்டும். அந்த வீச்சுக்கு அவளுடைய வலது கை எழும்பவில்லை என்று முத்தையா எழுதியிருந்தார். கொழுந்து மளமளவென்று வருகிற காலம் நெருங்குகிறது. அதற்குள் கை சரியாகாவிட்டால் பறிப்பிலிருந்து அவள் பேரை வெட்டிவிடுவதாக வேலை மேற்பார்க்கிற கங்காணி சொல்லிவிட்டாராம். பேர் போனால் அவளை வைத்துப் பார்க்கத் தனக்கு வழியில்லை, வந்து கூட்டிக்கொண்டு போய்விடுங்கள் என்று முடித்திருந்தார்.

கூட்டிக்கொண்டு வருவது சுலபம். திரும்பக் கொண்டுபோய் விடுவதுதான் நடக்காத காரியம். முன்னைப்போல நினைத்தபோது கப்பல் ஏறி இறங்கிய காலம் போய்விட்டது. இப்போது அனுமதிச் சீட்டு, அதற்கு ஒரு கெடு. தோட்டத்திலிருந்து ஊர் பார்க்க வந்துவிட்டுத் திரும்ப நுழைய முடியாமல் நிற்கிறவர்கள் எங்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். புருஷன் ஒரு கரை, பெண்டாட்டி ஒரு கரை என்று ஆகிவிடும். என் சீட்டின் கெடு முடிவதற்குள் அந்தக் கையைத் தூக்கவைத்துவிட்டுத்தான் ஊர் திரும்புவது என்று முடிவு செய்துகொண்டு கிளம்பினேன்.

கப்பலிலும் ரயிலிலும் நான் தண்ணீர் குடிக்கவில்லை. தனியாகப் பயணம் போகிற பெண் வாயைக் கட்டிக்கொள்வது எங்கள் ஊர் வழக்கம். ஏன் என்று பெண்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மலை ஏறத் தொடங்கிய ரயில் முக்கி முனகிக்கொண்டு போனபோது என் கெண்டைக்கால் முறுக்கிப் பிடித்துக்கொண்டது. "ஐயோ" என்று நான் போட்ட சத்தத்தில் எதிரில் இருந்த ஹட்டன் கடைக்காரர் ஒருவர் கையிலிருந்த வடையைத் தவறவிட்டார்.

"குளிருங்க அம்மா, புதுசா வர்றவங்களுக்கு இப்படித்தான் இழுக்கும்" என்றார், வடையை எடுத்துத் துடைத்தபடி. நானும் அப்படித்தான் நம்பினேன். காலை நீவிவிட்டுக்கொண்டே ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். எங்கள் பக்கத்தில் கண் போகிற தூரமெல்லாம் சமதரை. இங்கே நிலம் முழுக்க எழுந்து நின்றுகொண்டிருந்தது. அதன் மேலெல்லாம் வாரிவிட்ட தலை போலத் தேயிலை.

வட்டகொடையில் முத்தையா கம்பளியோடு காத்திருந்தார். கைகூப்பி, "வாங்க மதினி, கப்பல்ல சிரமமில்லையே?" என்றவர் என் எண்ணெய்ச் சாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுல எத்தனை பேரைத் தேய்க்கப் போறீங்க?" என்று சிரித்தார். மனிதர் நல்லவர். கூட்டிக்கொண்டு போகச் சொன்ன கோபம் எனக்குப் பாதி அங்கேயே குறைந்துவிட்டது. மீதியை வைத்துக்கொண்டேன்.

அவர்களுடைய வீடு லயத்தில் ஒரு காம்பரா. நீளக் கட்டடத்தில் வரிசையாக அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம். ஒரு வீட்டில் தும்மினால் நாலாவது வீட்டில் நூறு வயசு சொல்கிறார்கள். தங்கம் வாசலுக்கு ஓடிவந்து இடது கையால் என்னைக் கட்டிக்கொண்டாள். வலது கை உடம்போடு ஒட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. முகத்தில் எலும்பு தெரிந்தது.

"நான் வரமாட்டேன் அக்கா" என்றாள், நான் வாய் திறப்பதற்கு முன்னாலேயே. "கடல் தாண்டினா திரும்ப விடமாட்டாங்க. எனக்கு இந்த மனுசன் வேணும்."

"உன்னை யாரு கூப்பிட்டா? கையைக் காட்டு" என்றேன்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் எலும்பில் கோளாறு இல்லை என்று சொல்லியிருந்தார்கள். தொட்டுப் பார்த்ததில் எனக்கும் அப்படித்தான் பட்டது. கழுத்திலிருந்து தோள்பட்டைவரை சதை முடிச்சு முடிச்சாகக் கட்டிக்கிடந்தது. கூடைக் கயிறு தலையில் அழுந்திய இடத்தில் முடி தேய்ந்திருந்தது.

மறுநாள் வேலை தொடங்கலாம் என்று சாடியைத் திறந்தால், எண்ணெயைக் காணோம்! மூலிகை போட்டு முசிறியில் பதமாகக் காய்ச்சிய தேங்காயெண்ணெய், குளிரில் உறைந்து வெண்ணெய்க்கட்டியாக உட்கார்ந்திருந்தது. கவிழ்த்தாலும் விழவில்லை. "மதினி, ரொட்டிக்குத் தடவிக்கலாமா?" என்றார் முத்தையா. கரண்டியால் தோண்டி அடுப்பில் உருக்கி, சூடு ஆறுவதற்குள் தேய்த்தேன். ஊரில் வெயில் செய்கிற பாதி வேலையை இங்கே நானே செய்ய வேண்டியிருந்தது.

சாப்பாட்டையும் கையில் எடுத்துக்கொண்டேன். பிடிப்பு உள்ளவளுக்கு வாயுப் பண்டம் ஆகாது என்பது என் தொழிலில் முதல் பாடம். லயத்துக்குப் பின்னால் முத்தையா உருளைக்கிழங்கு போட்டிருந்தார். வீட்டில் மூன்று வேளையும் அதுதான் கறி. "கிழங்கு வாயு. இனிமே இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது" என்று உத்தரவு போட்டேன். முருங்கைக்கீரை வாங்கிவரச் சொன்னேன். முருங்கை இந்தக் குளிருக்கு வருவதில்லை என்றார். அகத்தி? அதுவும் இல்லை. பனங்கருப்பட்டி? அவர் பரிதாபமாகத் தலையைச் சொறிந்தார்.

கிழங்கை விரட்டிவிட்டேனே தவிர, அந்த இடத்தில் வைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. தங்கம் வெறும் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலுமாகச் சாப்பிட்டு இன்னும் வாடினாள். முத்தையா தன் தோட்டத்தை ஏக்கமாகப் பார்த்துக்கொண்டு வெறும் ரொட்டியை மென்றார்.

இது சரிப்படாது என்று நானே நுவரெலியாச் சந்தைக்குப் புறப்பட்டேன். துணைக்கு லயத்துக்காரர் ஒருவர், அவருக்குச் சிங்களம் தெரியும். பஸ் பாதி ஏற்றத்தில் பெருமூச்சு விட்டு நின்றது. கண்டக்டர் குதித்துச் சக்கரத்துக்குக் கல் கொடுத்தார். ஆண்கள் எல்லாரும் தள்ளினார்கள், பஸ் அசைந்துகொடுக்கவில்லை. பக்கத்தில் ஒரு தேத்தண்ணிக்கடை இருந்ததால் யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டே தேத்தண்ணி குடிக்கிறார்கள். எங்கள் ஊர்க் காப்பிக்காரர்கள் இதைப் பார்த்தால் மயங்கி விழுவார்கள்.

எனக்குப் பக்கத்தில் வல்லாரைக் கட்டுகளோடு ஒரு சிங்களப் பெண் இருந்தாள். அவளுக்கும் ஒரு கிளாஸ் நீட்டினார்கள். வேண்டாம் என்று சிரித்துவிட்டு என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். துணைக்கு வந்தவர் சொல்லத் தயங்கினார். நான் விடவில்லை. "வீடு போய்ச் சேர்ற வரைக்கும் பொம்பளைங்களுக்கு எதுக்குத் தண்ணின்னு கேக்குறா" என்றார் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. நானும் சிரித்துவிட்டு என் கிளாஸைத் திருப்பிக் கொடுத்தேன். கடல் தாண்டி வந்தாலும் இந்த வழக்கம் மாறவில்லை என்று வேடிக்கையாக இருந்தது. அவள் எனக்கு ஒரு கட்டு வல்லாரை கொடுத்தாள்.

சந்தையில் கொள்ளும் உளுந்தும் பூண்டும் நல்லெண்ணெயும் கிடைத்தன. அன்று முதல் காலையில் உளுந்தங்களி, சாயங்காலம் கொள்ளு ரசம், வல்லாரைச் சம்பல், லயத்துக் கோழி போட்ட முட்டை. கிழங்கையும் உள்ளே விட்டேன். மிளகும் பூண்டும் தட்டிப்போட்டு வேகவைத்தால் வாயு என்ன செய்துவிடும்! "மன்னிச்சு விட்டுட்டீங்களா மதினி?" என்று முத்தையா கிழங்கைப் பார்த்துக் கேட்டார்.

தங்கத்தின் முகம் தெளிந்தது. தினமும் சாயங்காலம் அவள் வேலை விட்டு வந்ததும் வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, சூடான நல்லெண்ணெயைக் கழுத்திலிருந்து கீழ்நோக்கி இழுத்துவிடுவேன். முடிச்சு ஒவ்வொன்றாகக் கரையும். முழங்கையைப் பிடித்து மெல்ல உயர்த்தினால் கை காதுவரை வரும். விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குத் தப்பு அடிக்கிறபோது நன்றாகவே எழும்பும். கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போவாள். சாயங்காலம் வந்தால் மறுபடி அதே கட்டு, அதே முடிச்சு.

ஒரு நாள், இரண்டு நாள் என்றால் பொறுக்கலாம். தினமும் இதே கூத்து. நான் இரவில் பின்னுவதைப் பகலில் யாரோ பிரித்துப்போடுகிறார்கள். என் சீட்டின் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. கங்காணி முத்தையாவிடம் மறுபடியும் விசாரித்தாராம். தங்கம் தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டாள். "நாளைக்கு நானும் மலைக்கு வர்றேன். என்னதான் நடக்குதுன்னு பார்க்கணும்" என்றேன்.

"வெளியாளை விடமாட்டாங்க மதினி" என்றார் முத்தையா.

"விடாட்டி அப்புறம் பார்த்துக்கறேன்" என்றேன்.

மலை என்றால் செங்குத்தான மலை. ஆடு மாதிரி நாலு காலில் ஏறினேன். பெண்கள் சேலை நனையாமலிருக்க இடுப்பில் படங்குச்சாக்கைக் கட்டிக்கொண்டு நிரை பிடித்துப் பறித்துக்கொண்டிருந்தார்கள். கை வேகத்தைக் கண் தொடர முடியவில்லை. கங்காணி கீழே வண்டிப்பாதையில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் சுளித்தார். முத்தையாவின் மதினி என்றதும் போகட்டும் என்று கையை அசைத்தார்.

காலையில் தங்கத்தின் கை தாராளமாக வீசியது. வெயில் ஏற ஏற வீச்சு குறுகியது. கொழுந்தை எடைபோடுகிற மத்தியான நிறுவைக்கு முன்னால் தோளைக் காதோடு இறுக்கிக்கொண்டு, கொழுந்தை இடது கையால் வாங்கிப் போட ஆரம்பித்தாள். உதடு வெடித்திருந்தது. சாப்பாட்டு நேரத்தில் ஆறிப்போன ரொட்டியைப் பாதி தின்றுவிட்டுக் கூடையைத் தூக்கினாள். தண்ணீர்ப் போத்தல் மூடி திறக்காமலே கிடந்தது. சுற்றிப் பார்த்தேன். எல்லாப் பெண்களும் அப்படியே. ஒருத்தியும் வாய் நனைக்கவில்லை.

"ஏண்டி, தண்ணி குடிக்கல?"

"குடிச்சா ஒதுங்கணும்ல? எங்க ஒதுங்குறது? கீழே நிக்கிறவங்களுக்கு மலை முழுக்கத் தெரியும். காலையில பெரட்டுக்கு முன்னாடியே நாங்க நிறுத்திருவோம் அக்கா. சாயங்காலம் லயத்துக்குப் போய்த்தான்."

எனக்கு ரயிலில் இழுத்த கால் ஞாபகம் வந்தது. தேத்தண்ணிக்கடையில் திருப்பிக் கொடுத்த கிளாஸ் ஞாபகம் வந்தது. குளிர் என்று அந்த வடைக்காரர் சொன்னாரே! பொழுது விடிந்ததிலிருந்து சொட்டு நீர் இல்லாமல், ஆயிரம் தரம் கையை வீசினால் எந்தச் சதைதான் இழுக்காது? எண்ணெயை வெளியே தேய்த்து என்ன, உள்ளே ஈரமே இல்லையே. கோபம் கோபமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் ஒரு பானை தேத்தண்ணியை உப்பும் சீனியும் போட்டுத் தலையில் வைத்துக்கொண்டு மலையேறினேன். மத்தியான நேரத்தில் எல்லாருக்கும் ஊற்றி நீட்டினேன். ஒரு கை நீளவில்லை. ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்தார்கள். தங்கம்கூடக் குடிக்கவில்லை. கங்காணி கீழிருந்து ஏறி வந்தார்.

"என்னங்க இது, கல்யாண வீடா? பொம்பளைங்க இப்படி நின்னா நிறுவை குறையும். யாரு பதில் சொல்றது?"

"குடிக்காமப் பறிச்சா மத்தியானத்துக்கு மேல கை ஓடலையே, அதுக்கு யாரு பதில் சொல்றாங்க?" என்றேன். "நீங்க கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் திரும்பி நின்னா போதும். இவங்க குடிப்பாங்க."

"நான் திரும்பி நிக்கலாம். பாதையில போறவன், கணக்கப்பிள்ளை, துரை எல்லாம் திரும்பி நிப்பாங்களா? நீங்க பாட்டுக்குக் கப்பல் ஏறிப் போயிருவீங்க. நான் இங்க இருக்கணும்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அப்போது நிரையில் முதலில் நின்ற ஒரு பெண் கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்தாள். என் கையிலிருந்த கிளாஸை வாங்கி மடமடவென்று குடித்தாள். பேச்சியம்மா என்று பேர். கங்காணியின் சம்சாரம்.

"எனக்கும் கால் இழுக்குது. வீட்டுல யார்கிட்ட சொல்றது?" என்றாள், புருஷனைப் பார்க்காமல். கங்காணி தடியை ஊன்றிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். போகிற போக்கில், "ஒரு மறைப்புக் கட்டிக்கங்க. நிறுவை குறையக்கூடாது" என்றார்.

மறைப்புக்குப் படங்குச்சாக்கைப் பிடித்துப் பார்த்தார்கள். ஈரத்தில் கனத்தது, கட்டையாகவும் இருந்தது. சரிவில் மேலே ஒதுங்குகிறவளைக் கீழே பாதையில் நிற்பவர் கண்ணிலிருந்து மறைக்க, துணியின் ஒரு முனையை நிழல் மரத்தில் கட்டி, மறுமுனையை ஒருத்தி தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்து நிற்க வேண்டும். அதற்கு லேசான, நீளத் துணி வேண்டும். எல்லாரும் யோசித்தபடியே அன்றைய பொழுது போயிற்று.

அடுத்த நாள் காலையில் தங்கம் பெட்டியைத் திறந்து, நான் அவளுக்காக மதுரையில் வாங்கிக்கொண்டு வந்த சிவப்புச் சுங்குடிச் சேலையை எடுத்தாள். மடிப்புக்கூடக் கலையாத சேலை.

"அடி பாவி, உடுத்திக்கச் சொல்லி வாங்கினது!"

"எங்க உடுத்திக்கிட்டு எங்க போகப் போறேன்? இதுதான் அக்கா எல்லாருக்கும் ஆகும்" என்று சுருட்டிக் கூடைக்குள் போட்டுக்கொண்டாள். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, சேலையை நினைத்தால் வயிறு எரியவும் செய்தது.

அன்று முதல் மத்தியானம் பானை காலியானது. மரத்தில் ஒரு முனை, மறுமுனையை முறைபோட்டு ஒவ்வொருத்தியாகப் பிடித்தார்கள். தங்கத்துக்கு மட்டும் முறை இல்லை. தலைக்கு மேலே அவ்வளவு நேரம் அவளால் கையைத் தூக்கி நிற்க முடியாது. "நீ போய்க் குடி, நாங்க பிடிக்கிறோம்" என்று பேச்சியம்மா அவளைத் தள்ளிவிடுவாள். தங்கம் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பாள்.

சாயங்காலம் நான் தோளைத் தொடும்போது வித்தியாசம் தெரிந்தது. கட்டு இருந்தது, ஆனால் மாவு போல அமுக்கக் கொடுத்தது. இப்போது என் தேய்ப்பின் பலனும் நிலைத்தது, களியும் ரசமும் உடம்பில் ஒட்டின. கை காதுக்கு வந்தது, பிறகு காதைத் தாண்டியது. லயத்துப் பெண்கள் கழுத்தைக் காட்டிக்கொண்டு எங்கள் வாசலில் வரிசையாக உட்கார்ந்தார்கள். என்னைப் பார்த்துப் பார்த்துத் தங்கமே இடது கையால் பேச்சியம்மாவின் கெண்டைக்காலை நீவிவிட ஆரம்பித்துவிட்டாள். கொழுந்து கூடிய வாரத்தில் அவள் பேர் பறிப்பிலேயே இருந்தது. கங்காணி ஒன்றும் பாராட்டவில்லை, வெட்டவும் இல்லை. எனக்கு அது போதும்.

என் கெடு முடிந்தது. புறப்படுகிற அன்றும் பெரட்டு உண்டு. ஸ்டேஷனுக்கு வரமுடியாது என்று தங்கம் விடியுமுன்னே என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு அழுதாள். "வட்டகொடை தாண்டினதும் வலப்பக்கம் பாரு அக்கா. இன்னைக்கு அந்த மலையிலதான் பறிப்போம்." முத்தையா ரயிலேற்றிவிட்டு ஜன்னல் வழியாக ஒரு மூட்டை நீட்டினார். அவித்த உருளைக்கிழங்கு. "வழியில வாயு வந்தா என்னைத் திட்டாதீங்க மதினி" என்றார். கூடவே ஒரு போத்தல் தண்ணீர். "குடிச்சிட்டே போங்க" என்று என் கையில் திணித்தார்.

ரயில் நகர்ந்ததும் குடித்தேன். வலப்பக்க ஜன்னலுக்கு நகர்ந்து உட்கார்ந்தேன். மலை முழுக்கக் கம்பளி போட்ட பெண்கள், யார் யாரென்று அடையாளம் தெரியவில்லை. கையை வெளியே நீட்டி ஆட்டினேன். நிரையில் சிலர் பதிலுக்கு ஆட்டினார்கள். அதில் தங்கம் எவள்? வளைவு வந்துகொண்டிருந்தது. கண்ணைத் துடைத்துத் துடைத்துத் தேடினேன்.

மேல்சரிவில் ஒரு நிழல் மரத்தை ஒட்டிச் சிவப்பாக ஏதோ தெரிந்தது. என் சுங்குடிச் சேலை. ஒரு முனை மரத்தில். மறுமுனையைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்துக்கொண்டு, ரயிலைப் பார்த்தபடி என் தங்கை நின்றுகொண்டிருந்தாள். இடது கை தொங்கிக்கொண்டிருந்தது. பிடித்திருந்தது வலது கை. அவள் எனக்குக் கையாட்டவில்லை. சேலைக்குப் பின்னால் யாரோ இருந்தார்கள், அதனால் ரயில் வளைவு திரும்பி மறைகிறவரைக்கும் அந்தக் கையை அவள் இறக்கவே இல்லை.